இருக்கு, போச்சு

அழகுமலையின் லோடு வண்டியை நாலைந்து பேர் தள்ளிக்கொண்டுவந்து பட்டறைக்குள் விட்டபோது, ஜெயினம்பு தரையில் செய்தித்தாளை விரித்து நட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எந்த நட்டு எந்தத் துளையிலிருந்து கழன்று வந்ததோ அதே வரிசையில்தான் அது தாளில் உட்கார வேண்டும். வாஷர் அதனதன் நட்டுக்கு இடப்பக்கம். யாராவது இடம் மாற்றி வைத்துவிட்டால், அது தம்பியே ஆனாலும், எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து அடுக்குவாள்.

"அக்கா, கிளட்சு செத்துப்போச்சு" என்றபடி அழகுமலை இறங்கினான். வாடிப்பட்டிப் பக்கத்து ஆள். சுற்றுவட்டத்துத் தோட்டங்களில் பறிக்கிற மல்லிகையை விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கொண்டுவந்து இறக்குவது அவன் பிழைப்பு. "சிக்னல்ல நின்னு மிதிச்சேன். மிதி பலகையோட போயி ஒட்டிக்கிருச்சு. கியர் விழுகல. பின்னாடி நின்ன பஸ்காரன் எங்க பரம்பரையையே இழுக்குறான்."

"எந்தப் பரம்பரைய?" என்று ஒரு காருக்கு அடியிலிருந்து கேட்டது நைனா முகமதுவின் குரல். அவனுடைய இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"பொண்ணு குடுத்த பரம்பரையத்தான் பாய்."

"அப்பச் சரி. அவங்களுக்கு வேணும்."

நைனா சிரித்துக்கொண்டே ஊர்ந்து வெளியே வந்தான். ஜெயினம்புவுக்கு நேர் இளையவன். தாடியில் பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் அவள் பேச்சில் அவன் இன்னும் 'அந்தப் பய'தான். வாழ்நாளில் முக்கால்வாசியை வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தே கழித்தவன். அங்கிருந்து பார்த்தால் மனுஷர்கள் எல்லாரும் வெறும் பாதங்கள்தான். நடையை வைத்தே யார் வருகிறார், என்ன சச்சரவோடு வருகிறார் என்று சொல்லிவிடுவான். தகராறு பண்ண வருகிறவன் குதிகாலை அழுத்தி நடப்பான் என்பது அவன் கணக்கு. அது தப்பிப்போய் ஜெயினம்பு பார்த்ததில்லை. தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளுக்கு நிறுத்தத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் எட்டாவதைத் தாண்டாதவன், புதுக் காருக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்கிறான் என்பாள். தானும் அந்த எட்டாவதைத் தாண்டவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல மாட்டாள்.

இந்தப் பட்டறைக்கு அவள் வேலை செய்ய வந்தவளில்லை. தையல்காரக் கணவர் காலமாகி, பிள்ளையும் இல்லாமல், நெல்பேட்டையில் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தாள். ஒருநாள் அவனுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தபோது, கூட இருக்கிற ஆள் வரவில்லை என்று வண்டிக்கடியில் கிடந்தவன் தவித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஏறி உக்காந்து அந்த இடது மிதிய அமுக்கு."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியுமாடா?"

"வண்டி எங்கயும் போகாதுக்கா. மிதி மட்டும்தான் போகும்."

தூக்குவாளியை இறக்கி வைத்துவிட்டு, சேலையை ஒதுக்கிப் பிடித்து ஏறினாள். உட்கார்ந்ததும் இடது செருப்பைக் கழற்றினாள். யாரும் சொல்லவில்லை. தெரியாத ஒன்றைத் தொடுகிறபோது வெறுங்காலாக இருப்பது நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவுதான். அன்றைக்கு ஏறியவள் பிறகு இறங்கவேயில்லை என்று நைனா சொல்வான்.

பழைய வண்டிகளில் கிளட்சுக்குக் கம்பி இருக்கும். அறுந்தால் அறுந்ததென்று கண்ணுக்குத் தெரியும். இப்போதைய வண்டிகளில் பாதிக்கு மேல் எண்ணெய்தான். மிதியை அமுக்கினால் மேலே இருக்கிற சிலிண்டர் எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும். கீழே கியர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு சிலிண்டர் அந்தத் தள்ளலை வாங்கிக் கிளட்சைப் பிரிக்கும். நடுவில் காற்று மட்டும் புகுந்துவிடக் கூடாது. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கிக் கொடுக்கும். மிதிக்கிறவரின் பலம் முழுவதையும் அந்தக் காற்றே தின்றுவிடும். அதை வெளியேற்றுவதற்குப் பட்டறையில் 'ஏர் எடுக்கிறது' என்று பேர். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே மிதியில். ஒருவர் கீழே, சிலிண்டரின் தலையில் இருக்கிற சின்ன நிப்பிளில் ஸ்பானரோடு.

மற்ற பட்டறைகளில் அந்த நிப்பிளில் கண்ணாடி போல உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையை எண்ணெய் ஊற்றிய பாட்டிலில் மூழ்க வைப்பார்கள். மேலே இருப்பவர் அவசரப்பட்டுக் காலை எடுத்துவிட்டாலும் காற்று உள்ளே போகாது, பாட்டிலில் இருக்கிற எண்ணெய்தான் போகும். காலை நம்பாதவர்களுக்குப் பாட்டில். நைனா பாட்டில் வைப்பதில்லை. கேட்கிறவர்களிடம், "எங்ககிட்ட பாட்டில் கிடையாது. எங்க அக்கா காலு இருக்கு" என்பான். அதைச் சொல்லக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் ஜெயினம்பு முக்காட்டைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவர்களுக்குள் நாலைந்து சொற்கள்தான். அவன் கீழிருந்து "அடி" என்பான். அவள் மிதியை அடிப்பாள். "பிடி" என்பான், அமுக்கிப் பிடிப்பாள். "இருக்கா?" பாதத்துக்கடியில் எண்ணெய் திமிறிக்கொண்டு நிற்பது தெரிந்தால், "இருக்கு." அவன் நிப்பிளைத் திறப்பான். காற்றும் எண்ணெயுமாகச் சீறி வெளியேற, மிதி மெல்ல அடிவரைக்கும் இறங்கும். "போச்சு" என்பாள். அவன் இறுக்குவான். "விடு" என்று அவன் சொன்ன பிறகுதான் அவள் கால் மேலே வரும். அந்த ஒரு சொல் முந்திவிட்டால் வெளியே போன காற்று அதே வழியாகத் திரும்பி ஓடிவரும்.

ஒரு நூல் அளவு இறக்கம்கூட அவள் காலுக்குத் தெரிந்தது. "லேசா பஞ்சு மாதிரி இருக்குடா, இன்னும் உள்ள ஒரு மணி இருக்கு" என்பாள். திறந்தால் ஒரே ஒரு குமிழ் வரும். வீட்டில் அவள் விருந்தாளி. தம்பி மனைவி ஒரு குறையும் வைக்காதவள், அதனாலேயே விருந்தாளி. பட்டறையில் அப்படியில்லை. அங்கே அவள் ஏறி உட்காராமல் முடியாத வேலைகள் இருந்தன. அந்த இடம் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது.

அழகுமலையின் வண்டிக்கு நைனா அன்று மேலிருந்து தொடங்கினான். எண்ணெய் டப்பா நிறைந்திருந்தது. கீழ்ச் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பார்த்தான், உலர்ந்திருந்தது. மிதிக்குப் பின்னால் தண்டு நுழைகிற இடத்தில் விரலை விட்டுத் தடவினான். அங்கேயும் ஈரம் இல்லை. குழாயைத் தலை முதல் கால் வரை துணியால் துடைத்து, துணியைப் பார்த்தான். ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு அழகுமலையை மிதிக்கச் சொன்னான், அது ஊதவில்லை.

"வெளிய ஒரு சொட்டுகூடப் போகலக்கா."

"அப்ப உள்ளுக்குள்ளயேதான் திருடுது" என்றாள் ஜெயினம்பு.

மேல் சிலிண்டரைக் கழற்றினார்கள். உள்ளே இருந்த ரப்பர் கிண்ணத்தின் விளிம்பு தேய்ந்து, விரலில் மை போல ஒட்டியது. அமுக்குகிற எண்ணெய் குழாய்க்குப் போகாமல் கிண்ணத்தின் ஓரமாக நழுவிப் பின்னால் வந்துகொண்டிருந்திருக்கிறது. புது ரப்பர்களை வாங்கிவந்தான் நைனா. ஜெயினம்பு அவற்றை எண்ணெயிலேயே கழுவி, விளிம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் பார்க்கத் தாளில் வைத்தாள். பெட்ரோலை அவள் பக்கத்திலேயே வர விடமாட்டாள். ரப்பர் ஊதிவிடும். ஒவ்வொன்றாக அவள் எடுத்துக் கொடுக்க, அவன் உள்ளே செலுத்தினான்.

"நாளைக்கு முகூர்த்த நாளு பாய்" என்றான் அழகுமலை. "வண்டி இல்லாட்டி மல்லிக செடியிலயே மலர்ந்துரும்."

"மத்தியானம் எடுத்துட்டுப் போ மாப்ள. ஏர் மட்டும்தான் பாக்கி."

ஜெயினம்பு ஏறினாள். செருப்பைக் கழற்றினாள். அது நோன்புப் பெருநாளைக்கு நைனா வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு; குதிகாலுக்குப் பின்னால் வார் வைத்துப் பூட்டுகிற மாதிரி. 'பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வாங்குற மாதிரி வாங்கியிருக்க' என்று அப்போதே திட்டினாள். வாரைக் காலுக்கடியில் மடக்கிப்போட்டுக்கொண்டுதான் நடந்தாள்.

"அடி." அடித்தாள். "பிடி. இருக்கா?"

"இருக்கு."

சீறல் கேட்டது. "போச்சு." "விடு." பலமுறை நடந்தது. டப்பாவில் எண்ணெய் குறையக் குறைய அழகுமலை ஊற்றிக்கொண்டிருந்தான். கடைசியில் குமிழ் இல்லாமல் எண்ணெய் மட்டும் வந்தது. நைனா இறுக்கிவிட்டு, "இருக்கா?" என்றான்.

"கல்லு மாதிரி இருக்கு."

அழகுமலை ஆசையோடு ஏறி மிதித்தான். மிதி ஒரு முனகல்கூட இல்லாமல் பலகைவரை போயிற்று.

"என்னக்கா, கல்லுங்கிறீங்க. இங்க களிகூட இல்லையே."

ஜெயினம்பு அவனைத் தள்ளிவிட்டு மறுபடி ஏறினாள். மறுபடி அடி, பிடி. கீழே முதலில் நல்ல எண்ணெய் வந்தது, பிறகு குமிழ், பிறகு நல்ல எண்ணெய், பிறகு மறுபடியும் குமிழ். நைனா நிப்பிளைக் கழற்றி அதன் மரைக்கு டேப் சுற்றி மாட்டினான். கீழ்ச் சிலிண்டரை இறக்கி, நிப்பிள் மேல்நோக்கி இருக்கும்படி சரித்துப் பிடித்துக்கொண்டு எடுத்தான். வெயில் பட்டறை வாசலைத் தாண்டிப் போயிற்று. மிதி எழும்பவில்லை. செத்துக் கிடந்த மிதியைக் கால்விரலால் கொக்கி போட்டுத் தூக்கித் தூக்கி ஜெயினம்புவுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அந்த வலி அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"ரப்பரத் திருப்பிப் போட்டுட்டியாடா?" என்று கத்தினாள். "கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு? விளிம்பு முன்னால பாக்கணும்னு நான் எடுத்துக் குடுக்கல?"

அவன் எதிர்த்துக் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். வேலை விஷயத்தில் செய்யாத தப்பை அவன் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. சின்ன வயதில் அத்தாவிடம் அடி வாங்கியபோதுகூட ஏற்றுக்கொண்டதில்லை.

"ஆமாக்கா" என்றான் கீழிருந்து. "என் தப்புதான். மாப்ள, காலையில வந்து வண்டிய எடுத்துக்க. ராத்திரி நின்னுச்சுன்னா உள்ள இருக்குற காத்து தானா மேல ஏறி வந்துரும்."

விடியலுக்குள் பூவை ஏற்ற வேறு வண்டி பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டபடி அழகுமலை தலையைச் சொறிந்தான். "தானா வருமா பாய்?"

"வரும். இப்பல்லாம் அப்படித்தான் வருது."

அது உண்மைதான். கொஞ்ச காலமாகப் பட்டறையில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் பஞ்சாக இருக்கிற மிதி காலையில் வந்தால் விறைத்து நிற்கும். புது வண்டிகளின் குழாய் வளைவு அப்படி என்று நைனா சொல்லியிருந்தான். ஜெயினம்புவும் அதைப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் விளக்கிச் சொல்லியிருந்தாள்.

அன்று வீட்டுக்குப் போன பிறகும் அவளுக்கு மனம் ஆறவில்லை. வண்டி சரியாகாதது பெரிதில்லை, நாளைக்கு ஆகும். வெளியாள் முன்னால் அந்தப் பய தலையைக் குனிந்து 'என் தப்பு' என்றானே, அதுதான் உறுத்தியது. ரப்பர்களை அவள் கையால் அடுக்கியிருந்தாள். அவள் கண்ணெதிரில்தான் அவை உள்ளே போயின. ஒன்றும் திரும்பியிருக்கவில்லை. அது அவளுக்கு எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயம் அவனுக்கும் இருந்திருக்கும். பிறகு ஏன் ஒத்துக்கொண்டான்?

விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினாள். தாளில் கிடக்கிற பழைய ரப்பர்களை எடுத்து, எது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டால், புது ரப்பர்களும் அதே பக்கம் பார்த்துத்தான் மாட்டப்பட்டன என்பதை அழகுமலைக்கே காட்டிவிடலாம். வைகைப் பாலத்தைத் தாண்டும்போது கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது.

பட்டறை ஷட்டர் பாதி ஏறியிருந்தது. குனிந்து பார்த்தாள். வண்டிக்கடியிலிருந்து தம்பியின் பாதங்கள் நீண்டிருந்தன. அவனுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பாட்டில் நின்றது. அதற்குள் பிளாஸ்டிக் குழாய் ஒன்று இறங்கியிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை.

எண்ணெய் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே டப்பா, கீழே திறந்த நிப்பிள். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல எண்ணெய் தன் பாரத்திலேயே இறங்கி, காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அதற்கு மிதி வேண்டாம். கால் வேண்டாம். நேரம் மட்டும் வேண்டும். நைனா ஸ்பானரின் பின்புறத்தால் குழாயை மெதுவாகத் தட்டினான், தூங்குகிற பிள்ளையை எழுப்புகிறவனைப் போல. ஒரு குமிழ் நழுவிப் பாட்டிலுக்குள் விழுந்தது. இறுக்கினான். வெளியே வந்து, கதவைத் திறந்து, மிதியைக் கையால் அமுக்கிப் பார்த்தான். அது அமுங்கிக் கொடுக்கவில்லை. பாட்டிலை மூடி, பழைய டயர்களுக்குப் பின்னால் கையை விட்டு மறைத்து வைத்தான்.

ஜெயினம்பு சத்தமில்லாமல் பின்வாங்கி, தெருமுனை டீக்கடைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முதலில் வந்தது கோபம்தான். பாட்டில். என் கடையில் பாட்டில். பிறகு, ராத்திரி காற்று தானாக ஏறி வருகிறது என்று எத்தனை பேருக்கு விளக்கினோம் என்று நினைத்துப் பார்த்தாள். கோபம் மெதுவாக இறங்கிப் போயிற்று. அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அதற்கு அவளிடம் பேர் இல்லை.

வழக்கமான நேரத்துக்குப் பட்டறைக்குள் நுழைந்தாள். அழகுமலை ஏற்கனவே வந்திருந்தான்.

"வாக்கா" என்றான் நைனா. கைகளைத் துடைத்திருந்தான். "ஏறு, ஒருதரம் பாத்துருவோம்" என்றபடி வண்டிக்கடியில் ஊர்ந்து போனான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். இடது காலைத் தூக்கி மிதியின் மேல் வைத்தாள். வைத்ததைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"பிடி" என்றது கீழே குரல். "இருக்கா?"

முழங்கால் அழுத்தியது, இடுப்பு அழுத்தியது. அதற்குக் கீழே என்ன நடக்கிறதென்று ஒரு சேதியும் மேலே வரவில்லை. நேற்றும் வந்திருக்கவில்லை. நேற்று, அதற்கு முன்னால், பெருநாளைக்கு முன்னால், எல்லா நாளும் வாய்தான் பழக்கத்தில் 'இருக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கால் கீழே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அது மேலே எழும்பியிருக்கிறது. நிப்பிள் மூடுமுன் காற்று திரும்பி ஓடியிருக்கிறது. இத்தனை நாளும் குழாய்க்குள் காற்றை விட்டது அவள்தான்.

"அக்கா, இருக்கா?"

இப்போது இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவன் கையால் அமுக்கிப் பார்த்ததைக் கண்ணால் கண்டாள். 'இருக்கு' என்று சொன்னால் அது பொய்யும் இல்லை. அழகுமலை சாவியை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போவான். தம்பி டயருக்குப் பின்னால் ஒளித்த பாட்டிலுக்காக இன்னும் பல விடியற்காலைகளில் வந்துகொண்டிருப்பான். அவளுக்கு அவள் இடம் இருக்கும்.

"தெரியலடா" என்றாள்.

அந்தப் பட்டறையில் அதுவரை யாரும் மிதியிலிருந்து அப்படி ஒரு பதிலைச் சொன்னதில்லை. வண்டிக்கடியில் ஸ்பானர் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அழகுமலை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நான் டீ சொல்லிட்டு வாரேன் பாய்" என்று வெளியே போனான்.

நைனா வெளியே வந்து வண்டியின் கதவருகே நின்றான். அவள் குனிந்து மிதியைக் கையால் அமுக்கினாள். கல்லாக இருந்தது.

"எம்புட்டு நாளாத் தெரியும்?"

"பெருநாளைக்கு முன்னாடியே." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "கீழ கெடந்தேன். நீ அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டு இருந்த. ஒரு காலுல செருப்பு இல்ல. இரும்புத்தூளு மேல வெறுங்காலோட நடந்துக்கிட்டு, வாஷரக் காணோம்னு என்னைய வஞ்சுக்கிட்டு இருந்த. செருப்பு வாசல்ல கெடந்துச்சு. நீ தேடவே இல்ல."

"அதுக்குத்தான் இந்த வாரு வச்ச செருப்பா?"

"ம்."

"ஏன்டா சொல்லல?"

கதவின் கைப்பிடியில் இருந்த கிரீஸை விரலால் துடைத்தான்.

"நீதான் நெய்ச்சோறு ஆக்கிப் போட்டுட்டியேக்கா."

அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. சர்க்கரை வந்த நாளிலிருந்து இரண்டு பாதங்களும் அடுப்பில் வைத்ததுபோல எரியும். ஈரத்துணி சுற்றினாள், சிமெண்டுத் தரையில் தேய்த்தாள், வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வருஷக்கணக்காகக் கேட்ட துவா ஒன்றே ஒன்று: இந்த எரிச்சலை எடுத்துவிடு. ஒருநாள் எரிச்சல் நின்றுவிட்டது. பெரிய சட்டியில் நெய்ச்சோறு ஆக்கி, பாத்திஹா ஓதி, தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்தாள். 'கால் குளுந்துபோச்சு, கால் குளுந்துபோச்சு' என்று வாசல்வாசலாகச் சொன்னாள்.

"தெருவுக்கே சந்தோஷமாக் குடுத்த" என்றான் நைனா. "நானும் ரெண்டு தடவ வாங்கித் தின்னேன். அதுக்கப்புறம் நான் என்னத்தச் சொல்ல?"

ஜெயினம்பு செருப்பைத் தேடி எடுத்து மாட்டினாள். முதல்முறையாக வாரை இழுத்துப் பூட்டினாள். இறங்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன்னால் ஒருநாளும் பிடித்ததில்லை.

பெரியாஸ்பத்திரிக்கு நைனாதான் கூட்டிப்போனான். நர்ஸ் அவளைக் கண்ணை மூடச் சொன்னாள். பாதத்தில் நூலால் தொடுவேன், தொட்டதும் சொல்லுங்கள் என்றாள். ஜெயினம்பு கவனமாகக் காத்திருந்தாள். எந்த வேலையையும் சரியாகச் செய்கிறவள். முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். வெகுநேரம் ஆனது.

"ஆரம்பிங்கம்மா" என்றாள்.

"முடிச்சுட்டேன்மா" என்றாள் நர்ஸ்.

கண்ணைத் திறந்தபோது தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். வெறுங்காலோடு ஓரடிகூட வைக்கக் கூடாது, தினமும் பாதத்தைத் திருப்பிக் காயம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், வேறு யாராவது பார்த்தாலும் நல்லது என்றார்கள். எரிச்சலோடு சேர்ந்து போன உணர்ச்சி திரும்புமா என்று நைனா கேட்டான். இருக்கிற காலைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

வீட்டில் இருந்துகொள்ளச் சொல்லி நைனா ஒரு வார்த்தையும் பேசவில்லை. வரலாமா என்று அவளும் கேட்கவில்லை. மறுநாள் பட்டறைக்குப் போனதும் டயர்களுக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் பாட்டிலை எடுத்தாள். எண்ணெய் படிந்து தூசி ஒட்டியிருந்தது. துடைத்து, குழாயைச் சுருட்டி, சுவரில் ஸ்பானர்கள் தொங்குகிற வரிசையில் ஓர் ஆணியடித்து மாட்டினாள். வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடம் அது.

"அங்க எதுக்குக்கா?" என்றான் அவன்.

"பொருளு அது அது எடத்துல இருக்கணும்."

இப்போதெல்லாம் ஏர் எடுக்கிற வேலை வந்தால் வண்டிக்காரரே ஏறி உட்கார்ந்துகொள்கிறார். ஜெயினம்பு தாளின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து நட்டுகளை அடுக்குகிறாள். கைகள் இன்னும் பொய் சொல்லவில்லை. வாடிக்கையாளர்களிடம் நைனா அந்தப் பழைய வசனத்தைச் சொல்வதில்லை. யாராவது, "என்ன பாய், புதுசாப் பாட்டில்லாம் வச்சிருக்கீங்க" என்று கேட்டால், "இருக்கட்டுமே" என்பதோடு நிறுத்திக்கொள்கிறான்.

போன மாதம் அழகுமலை வண்டியைக் கொண்டுவந்தான். எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது. அவனே மிதியில் உட்கார்ந்தான்.

"பிடி மாப்ள. இருக்கா?"

"கும்முன்னு இருக்கு பாய்."

"கும்முன்னுல்லாம் சொல்லக் கூடாது" என்று முக்காலியிலிருந்து ஜெயினம்பு அதட்டினாள். "இருந்தா இருக்குன்னு சொல்லு. இல்லாட்டி இல்லன்னு சொல்லு. கீழ கெடக்குறவனுக்குக் கண்ணு தெரியாது, உன் வாய்தான் கண்ணு."

"சரிக்கா, சரிக்கா. இருக்கு."

வேலை முடிகிற நேரத்தில் அவள் எழுந்து, மிச்ச எண்ணெயை மூடி வைக்க அலமாரிக்குப் போனாள். பிறகு வாசலுக்குப் போய் டீ சொல்லிவிட்டு வந்தாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகையில் கீழேயிருந்து குரல் கேட்டது.

"அக்கா."

"என்னடா?"

"எடது செருப்பு இருக்கா?"

அவன் படுத்திருந்த இடத்துக்கு அவள் பாதங்கள் நேர் எதிரே தெரிந்தன. அவனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. காலையில் வாரைப் பூட்டினோமா என்று ஜெயினம்பு யோசித்தாள். நினைவில்லை. காலைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற வழியும் இல்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணால் பார்த்தாள்.

"போச்சு" என்றாள்.

"நில்லு. ஒரு எட்டுகூட வைக்காத. அங்கயே நில்லு, வாரேன்."

அவன் வண்டிக்கடியிலிருந்து அவசரமாக ஊர்ந்து வெளியே வந்தான். எண்ணெய்க் கையைத் துடைக்காமலே வாசலைக் கடந்து தெருவில் இறங்கி, இரண்டு ஓரமும் தரையைப் பார்த்துக்கொண்டே டீக்கடைப் பக்கம் நடந்தான். மேலே அழகுமலை, விடு என்று யாரும் சொல்லாததால், மிதியை அமுக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஜெயினம்பு தம்பி சொன்ன இடத்தில், வண்டியைப் பிடித்தபடி, அசையாமல் நின்றாள்.